முகம் வரையாத பக்கம்

ராயப்பா,

போன் செய்தால் வைத்துவிடுவாய் என்று எழுதுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால், பூந்தமல்லி காமிக்ஸ் வாசகர் கூட்டத்தில் நீ வரைந்த பக்கத்தைக் காட்டினாய். ரயிலுக்குக் காத்திருக்கும் ஒரு பெண். முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் மைத் தீற்றல். "இன்னாடா, மை கொட்டிகினியா? மாடர்ன் ஆர்ட்டெல்லாம் காமிக்ஸ்ல வேணாம்டா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ பக்கத்தை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனாய். அப்புறம் நீ வரைவதே இல்லை என்று கேள்விப்பட்டேன்.

அதை வீட்டுக்கு எடுத்து வந்தது என் வீட்டுக்காரி கஸ்தூரி. "எனக்குப் புடிச்சிருக்கு" என்றாள். மேலே பேச நான் விடவில்லை.

மாசியில் கஸ்தூரி போய்விட்டாள். உனக்குச் சொல்லி அனுப்பத் தைரியம் வரவில்லை.

சாயங்காலமானால் சமையலறை வாசலில் வந்து நிற்கிறாள். புடவை தெரிகிறது, ஈரக்கை தெரிகிறது, முகம் தெரியவில்லை. கண், மூக்கு, தோடு என்று, நான் காமிக்ஸ் வரைகிற வழக்கப்படி சுத்தமான கோட்டில் வரைந்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் அவளாக இல்லை.

போன வாரம் பீரோவில், அவள் புடவைகளுக்கு அடியில் நீ வரைந்த அந்தப் பக்கம் கிடைத்தது. அதில் அவள் இருந்தாள்.

கூடத்தில் மாட்டியிருக்கிறேன். "பயமா இருக்குப்பா, எடுத்துடு" என்கிறாள் மகள். என்னால் முடியவில்லை.

அன்று நான் பேசியது தப்பு. நீ மன்னிக்காவிட்டாலும் ஒரு சாயங்காலம் ஆவடிக்கு வா. வாசலில் அவள் நிற்பது உனக்கும் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்.

உன் பழைய மச்சான்