வாய் மூடத் தெரியாத சேவை

திங்கள்
விடியலிலிருந்து மழை. குண்டசாலை பஸ் தாமதம். குடைக்கம்பி உடைந்தது.
நான் எழுதிய கணினி நிரல், பணியாளர் சேவை, இன்று முதல் ஆபீசின் எல்லாப் பிரிவுக்கும். ஒரு வழியாக! கன்டீன், மருந்தகம், பஸ், சம்பளம் என்று எட்டுப் பிரிவு, எட்டுப் பெயர்ப்பட்டியல், எட்டிலும் பிழை. இனி ஒன்றே ஒன்று. எந்தப் பிரிவின் கணினியும் கேட்கலாம், பதில் வரும். யார், எதற்கு என்று விசாரிக்காது. இதற்காகத்தான் இரண்டு வருடம் மீட்டிங்குகளில் தொண்டை கிழியக் கத்தினேன்.
தயாளன் (பக்கத்து மேசை, யாழ்ப்பாணத்தில் என்னோடு ஒரே வகுப்பு): "ஆர் கேட்டாலும் சொல்லுமோ? வாய் மூடத் தெரியாத பிள்ளையை எல்லோ பெத்து வைச்சிருக்கிறாய்!"
சிரித்தோம்.

செவ்வாய்
ஓய்வூதியப் பிரிவு றிஸ்வி கெலிஓயாவிலிருந்து வட்டிலப்பம் கொண்டுவந்தார். ஒவ்வொருவரும் பிறந்த இடத்தையும் சேவையில் சேர்த்தது அவருக்காகத்தான். "அது இல்லாம ஒரு படிவமும் நகராது மச்சான்." இப்போது நொடியில் வருகிறது. எனக்கே பெருமை.
மறக்கக் கூடாது: குடை, பல் டாக்டர்.

புதன்
ஆபீஸ் வாசலில் பொலிஸ். காவலாளி கையில் அச்சடித்த தாள். தயாளனை வரிசையிலிருந்து இழுத்து நிறுத்தினார்கள். இன்னும் நாலு பேர். எல்லாரும் யாழ்ப்பாணம். ஜீப்பில் ஏற்றினார்கள். நானும் யாழ்ப்பாணம்தான். என்னைப் போகச் சொல்லிக் கையசைத்தார்கள். போனேன். போய்க் கதிரையில் உட்கார்ந்தேன். ஏன் நான் இல்லை?

வியாழன்
தயாளனின் மனைவி ஃபோனில்: "அண்ணை, இவர் இன்னும் வரேல்லை. பொலிசிலை கேட்டால் இஞ்சை இல்லையாம். நீங்கள் பெரியாக்களோடை கதைச்சுப் பாருங்கோ."
மேலாளர் நிஹாலிடம் போனேன். நல்ல மனிதர். தாள் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். எங்கள் ஆபீஸ் காவல் பிரிவு என் சேவையிடம்தான் கேட்டதாம். முன்பென்றால் மூன்று வாரம் கடிதப் போக்குவரத்து, இப்போது ஒரு நிமிடம், கொழும்பிலும் பாராட்டினார்களாம். மனதாரத்தான் சொன்னார். தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

வெள்ளி
தயாளனைப் பற்றித் தகவல் இல்லை.
யாரையும் கேட்காமல் சேவையில் பிறந்த இடத்தைப் பூட்டினேன். பத்து நிமிடத்தில் றிஸ்வி: "என்ன மச்சான், ஒண்டும் வருதில்லயே?" விஷயத்தைச் சொன்னேன். அவர்: "சரி. நான் பழைய ஃபைலப் பார்த்துக் கையால எழுதிக்கிறேன்."
மாலையில் நிஹால். மேலிடத்து உத்தரவு, உடனே திறக்க வேண்டும்.
திறந்தேன். வெட்கமாக இருக்கிறது. திறந்தேன்.

சனி
அரை நாள். ஆபீசில் ஆளில்லை. காவல் பிரிவு கேட்ட கேள்வியை நானே கேட்டுப் பார்த்தேன்: யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள். ஐந்து பெயர். நான் இல்லை.
என் பதிவைத் திறந்தேன். பிறந்த இடம்: கண்டி. போன மாதம் சேவையைச் சோதிக்க என் பதிவில்தான் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தேன். பழையபடி ஆக்க மறந்துவிட்டேன்.
ஃபோன். தயாளனின் மனைவி. அவன் பூசா தடுப்பு முகாமில் இருக்கிறானாம். அழுதுகொண்டே, "உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லைத்தானே அண்ணை?"
"ஓம், இல்லை."
என் பதிவைத் திருத்த ஒரு சொல் அடித்தால் போதும். அடிக்காமல் கணினியை மூடினேன்.