ராமாயி வெட்டாத காசு

சோளக்காடு,
மார்கழி.

அன்புள்ள கண்ணு கோகிலவாணிக்கு, அப்பா சின்னுசாமி எழுதுவது. நானும் உன் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கப் பெரியசாமி துணை. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மிளகு இந்த வருஷம் விளைச்சல் கம்மி, விலை பரவாயில்லை. போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ கேட்ட காசு விஷயம். போர்க்காலத்தில் அங்கே முகாம்களில் அடைத்துப் போட்டவர்களுக்கென்றே அடித்த காசுகளை நீ தேடித் தேடிச் சேர்ப்பது எனக்கு முதலில் வெட்டி வேலையாகத்தான் பட்டது. நம் கடையில் மிளகு புடைக்கிற ராமாயி, இலங்கையிலிருந்து அகதியாக வந்தவள், அவளிடமும் ஒரு டப்பா காசு இருக்கிறது என்று நான்தான் வாயை விட்டேன், நீயும் நல்ல விலை கொடுத்து வாங்கச் சொன்னாய். கேட்டேன். இது விக்கிறதுக்கு இல்லீங்க மொதலாளி என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். சண்டை நடந்தபோது உடுப்புக்காரர்கள் அவர்கள் ஊர் ஆண்பிள்ளைகளை ரோட்டில் நிறுத்தி, பையில் இருப்பதையெல்லாம் கீழே போடச் சொல்லி, லாரியில் ஏற்றிப் போனார்களாம். ஒருவரும் திரும்பவில்லை. ரோட்டில் கிடந்த காசுகளைப் பெண்கள் பொறுக்கி வைத்தார்கள், சாகிறவள் இருக்கிறவளிடம் கொடுத்துக் கொடுத்துக் கடைசியில் எல்லாம் ராமாயியிடம் வந்து சேர்ந்தது. எது யாருடையது என்று அவளுக்குத் தெரியும். பெரியசாமி கோயிலில் வெட்டிப் போடத்தான் வைத்திருக்கிறேன் என்றாள். உனக்குத் தெரியாததா, அநியாயத்தைக் கேட்க நாதியில்லாதவர்கள் சாமி முன்னால் காசை உளியால் வெட்டிப் போட்டு வழக்கை ஒப்படைப்பார்கள், போனவர்களுக்காக வெட்டிவிட்டால் அப்புறம் அவர்கள் வருவார்கள் என்று வாசலைப் பார்க்கக் கூடாது.

இத்தனை வருஷம் ஏன் வெட்டவில்லை என்று கேட்டேன். அதில் ஒன்று அவள் மகன் மாதேஸ்வரனுடையது, அது மட்டும் ஆறவே இல்லை, தொட்டால் சூடாக இருக்கிறது, ஆறினதும் எல்லாவற்றையும் சேர்த்து வெட்டலாம் என்று இருந்தேன் என்றாள். இப்போது அவளுக்கு நெஞ்சு வலி, நான் போய்ட்டா இவங்களுக்காக யாரு கேப்பா, எனக்கு ஆசையில சூடா இருக்கறாட்ட தெரியுதோ என்னமோ, மொளகு மூட்டைக்குள்ள கைய உட்டு ஈரஞ் சொல்ற கை உங்களுது, நீங்க பாருங்க, குளுந்திருந்தா அவனோடதையும் வெட்டிப்புடறேன் என்றாள். இடுப்பில் முடிந்து வைத்திருந்திருப்பாள், அதுதான் சூடு என்று நினைத்தேன் கண்ணு. அதனால் அந்தக் காசையும் உள்ளே போடச் சொல்லி டப்பாவை வாங்கி நம் குடோனில் வைத்துப் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொண்டேன். அமாவாசைக் காலையில் எடுத்தபோது டப்பா ஐஸ் மாதிரி விரலைக் கடித்தது.

கோயிலில் அவள் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்லப் பூசாரி வெட்டினார். கடைசியாக டப்பாவில் மிஞ்சிய மாதேஸ்வரன் காசை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். எப்படி இருந்தாலும் குளிர்ந்துவிட்டது என்று சொல்லிவிடலாம், கிழவி நிம்மதியாகப் போய்ச் சேரட்டும் என்றுதான் மனசுக்குள் முடிவு செய்திருந்தேன். அது சூடாக இருந்தது. சூடு மட்டும் இல்லை, பிசுபிசுவென்று ஈரம், பனி ஈரம் இல்லை, யாரோ கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்த வேர்வை. வேர்த்திருக்குதும்மா என்று என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது. பூசாரி உளியைக் கீழே வைத்துவிட்டார். ராமாயி அழவில்லை. எங்கயோ வெயில்ல வேலை செய்யறானாட்ட இருக்குது என்று சொல்லி, அதை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டாள்.

அதனால் அந்தக் காசை இனிமேல் கேட்காதே. மிளகும் மலைத்தேனும் அனுப்பியிருக்கிறேன், தேனைப் பிரிட்ஜில் வைக்காதே. மாப்பிள்ளையோடு சண்டை போடாமல் பிள்ளை குட்டியோடு தீர்க்காயுசாக இரு. ஒன்று மறந்துவிடாதே சாமி, நீ சேர்த்து வைத்திருக்கிற காசுகளை ஒரு தடவை வெறுங்கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார். எதுவாவது சூடாக இருந்தால் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைக்காதே, உடனே எனக்குப் போன் போடு.

உன் அப்பா,
மு. சின்னுசாமி.