ஆத்துல கேட்டுச் சொல்றேன்

பிரஸ்ஸல்ஸ்
6-12-1978

சௌபாக்கியவதி அம்ருதவல்லிக்கு ஆசீர்வாதம்.

இங்கு க்ஷேமம். உன் க்ஷேமத்துக்கும் குழந்தை வைதேஹியின் க்ஷேமத்துக்கும் எழுது. நீ கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் இருப்பதால்தான் இந்தக் குளிரிலும் மோர்சாதம் இறங்குகிறது.

இரண்டு நாளாகத் தூதரகத்தில் டைப் அடித்தே விரல் ஓய்ந்தது. ஐரோப்பியத் தலைவர்கள் இங்கே கூடினார்கள். அவரவர் நாணயத்தின் மதிப்பை ஒன்றோடொன்று கட்டி நிறுத்தப் போகிறார்களாம். இத்தாலிப் பிரதமரோ உடனே சரியென்று சொல்லாமல், ஊருக்குப் போய்ப் பாராளுமன்றத்தில் பேச வேண்டுமென்று தவணை வாங்கிக்கொண்டார். இவ்வளவு பெரிய மனுஷருக்குச் சொந்தமாக ஒரு வார்த்தை சொல்லத் துணிச்சல் இல்லை, பார்!

நிற்க. இன்னும் மூன்று வருஷம் இங்கே இருக்க முடியுமா என்று மேலதிகாரி கேட்டார். சரியென்று சொல்லிவிட்டேன். வருத்தப்படாதே.

ஸௌந்தரராஜன்


ஸ்ரீபெரும்புதூர்
18-12-1978

ஆத்துக்காரருக்கு அம்ருதவல்லியின் நமஸ்காரம்.

மார்கழி பிறந்துவிட்டது. வைதேஹி விடிகாலையில் திருப்பாவை சொல்லிவிட்டுக் கோவில் பொங்கலுக்குக் கை நீட்டுகிறாள்.

தபால்காரர் கன்னியப்பன் வழக்கம்போல, "இன்னா டீச்சரம்மா, ஐயா எப்ப வூட்டுக்கு வராரு?" என்றார். தை பிறந்தால் வந்துவிடுவார் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். கடிதத்தை வாசலிலேயே படித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

இத்தாலிக்காரரைக் கேலி செய்திருக்கிறீர்கள். எனக்கு அவர்மேல் மரியாதைதான் வந்தது. வாக்குக் கொடுக்குமுன் தம் ஜனங்களின் சபையைக் கேட்கிறார். நம் ஆத்துக்குச் சபை கிடையாதா? முதலில் போனபோதும் டிக்கெட் வந்தபிறகுதானே எனக்குச் சொன்னீர்கள்? மூன்று வருஷமும் இருங்கள். என் கோபம் மூன்று வருஷத்தின் மேல் இல்லை, என்னைக் கேட்காமல் சரியென்று சொன்னதன் மேல்தான்.

வேறு விசேஷம் இல்லை.

அம்ருதவல்லி


பிரஸ்ஸல்ஸ்
30-12-1978

அன்புள்ள அம்ருதாவுக்கு,

உன் கடிதம் சுட்டது. மறுநாளே மேலதிகாரியிடம் போய், "ஸார், நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். ஆத்துல கேட்டுச் சொல்றேன்" என்றேன். சிரித்தார். ஆனால் ஜனவரி முடியும்வரை தவணை கொடுத்தார்.

இத்தாலிப் பாராளுமன்றம் விவாதித்து, சேரலாமென்று வாக்களித்துவிட்டது. அதையும் நான்தான் டைப் அடித்தேன். இந்தத் தடவை கேலி செய்யத் தோன்றவில்லை.

ஆகவே கேட்கிறேன். நான் இருக்கட்டுமா, வரட்டுமா? குடும்பத்தை அழைத்துவர அனுமதி உண்டு. ஆனால் உன் பள்ளிக்கூட வேலையை விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ சொல்வதுபோல் செய்கிறேன்.

உன் ஸௌந்தரராஜன்


ஸ்ரீபெரும்புதூர்
10-1-1979

அன்புள்ள உங்களுக்கு நமஸ்காரம்.

கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் என்னிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறீர்கள். கேட்டது இதுதான் முதல் தடவை. படித்துவிட்டு அழுதேன், சந்தோஷமாகத்தான். பெருமாளுக்கும் இத்தாலிக்காரருக்கும் என் நன்றி. உங்களுக்கு அதைவிட அதிகம்.

சபை நேற்றுக் கூடியது. வைதேஹி, "அப்பா உடனே வரணும்" என்று பிடிவாதம் பிடித்தாள். அங்கே பனி கொட்டும் என்றதும், நாமே போகலாமென்று கட்சி மாறிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் சம்பளமில்லாத லீவு தருகிறார்கள். என் வகுப்பைக் கனகம் டீச்சர் பார்த்துக்கொள்வாள்.

கன்னியப்பன் இன்றும் கேட்டார். "அவர் வரலை, நாங்க போறோம்" என்றேன். "அப்டிப் போடு!" என்றார்.

தீர்மானம் இதுதான்: ஒரு வருஷத்துக்குச் சம்மதம். அதற்கப்புறம் என்ன என்பதை அங்கேயே சபை கூடிப் பேசும். உங்களுக்கும் ஒரு ஓட்டு உண்டு.

உங்கள் அம்ருதா