நான்காவது சென்சார்

ஜூலை 6
மாணவியர் விடுதிச் சுவரின் விரிசல்மேல் நான்கு சென்சார் ஒட்டினோம். சுவர் அசைந்தால் வயர்லெஸ் வழியே ஆய்வகக் கணினிக்குச் சொல்லும். நெட்வொர்க் பாடத்துக்கான புராஜெக்ட். கூட்டாளி மின்னல் (எதையும் ஆற அமரச் செய்பவன், அதனால் அந்தப் பெயர்) ஏணியிலேயே குடியிருந்தான். வார்டன் என் அக்கா. "பசை ஒட்டினா நீதான்டி சுரண்டணும்."

ஜூலை 14
நான்காவது மட்டும் சுவர் நகர்கிறது என்கிறது. பாடம் நடத்தும் சாரிடம் காட்டினேன். "மூணு ஒண்ணு சொல்லி, ஒண்ணு மாத்திச் சொன்னா எதை நம்பணும்? போன வாரந்தானேம்மா நடத்தினேன்." பெரும்பான்மையை நம்பு என்றுதான் பாடத்தில் இருக்கிறது.

ஜூலை 15
நான்காவதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். திரை முழுக்கப் பச்சை.

ஜூலை 19
"மாடி ரூம் கதவு மூட மாட்டேங்குது. மழையில மரம் ஊதியிருக்கும்" என்றாள் அக்கா. மழை எங்கே பெய்தது? நான் ஏன் கேட்கவில்லை?

ஜூலை 21
மற்ற மூன்றின் அளவுகள் இம்மியும் மாறவில்லை. வெயிலுக்காவது கொஞ்சம் ஏறி இறங்க வேண்டாமா? மின்னல் ஏறிப் பார்த்தான். "மூணுலயும் பேட்டரி செத்துக் கிடக்கு." பழைய எண்ணையே கணினி திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது. அப்படி எழுதியதே நான்தான், திரை காலியாகத் தெரியக்கூடாதென்று. உயிரோடு இருந்தது நான்காவது மட்டும்.
அக்காவிடம் ஓடினேன். எல்லாரையும் வெளியே அனுப்பு என்றேன்.
"யாரைக் கேட்டு?"
"தெரியலக்கா. அனுப்பு."
என் முகத்தையே பார்த்தாள். பிறகு மணியை அடித்தாள்.

ஜூலை 22
அனுமதியில்லாமல் விடுதியைக் காலி செய்ததற்கு அக்காவுக்கு நோட்டீஸ். கல்லூரிப் பொறியாளர் தட்டிப் பார்த்து, "பூச்சு விரிசல்தான்" என்றார். நாளை எல்லாரும் திரும்ப வேண்டுமாம். அக்கா என்னோடு பேசவில்லை. பேட்டரி மாற்றிவிட்டோம். இப்போது நான்குமே சுவர் நகர்கிறது என்கின்றன.

ஜூலை 23
மாணவிகள் பைகளோடு வெளிக் கேட்டருகே. அக்கா சாவியை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். "என் தங்கச்சி சொன்னாத்தான் திறப்பேன்." அலுவலக ஆட்கள் கேட்டிலிருந்தே கத்தினார்கள். நான் போய், இங்கே உட்காராதே என்று அவள் கையைப் பிடித்து இழுத்துவந்தேன் — நாங்கள் மரத்தடிக்கு வருவதற்குள் மேல்மாடி கீழே வந்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் இல்லை. யாருக்கும் இல்லை.

ஆகஸ்ட் 4
அக்காவின் நோட்டீஸை இன்னும் திரும்பப் பெறவில்லை. சார் என்னைப் பார்ப்பதில்லை. மாணவிகளை எதிர்க் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதையும் கட்டியது அதே கான்ட்ராக்டர்தான். அங்கே சென்சார் ஒட்டக் கூடாதென்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.