வீட்டுக் கடனும் என் ஆயா உத்தியோகமும்

லிந்துலை

அன்பு மகன் பிரதாப்புக்கு, உன் அப்பா கண்ணை மூடிய நாளிலிருந்து தகப்பன் ஸ்தானத்தில் நிற்கும் சித்தப்பா எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் நானும் உன் பெண்சாதி ஜீவராணியும் பிள்ளைகள் இரண்டும் சுகமாக இருக்கிறோம், கட்டார் வெயிலில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு விசயத்தைச் சொல்ல ஆரம்பித்தால் ஜீவராணி பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்துகிறாள், கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்பும் சுதாகரன் கையில் கொடுத்தனுப்புகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்றும் இருக்கவில்லை என்பது உனக்குத் தெரியும், அதனால் எழுத்துப் பிழை பார்க்காமல் வாசி.

நம்முடைய ஏழு பேர்ச் காணியில் வீடு கட்டக் கடன் கேட்டு ஜீவராணியும் நானும் ஹட்டனுக்குப் போனோம். இந்த மழைக்குத் தோட்டத்து லயத்துக் கூரை ஒழுகி, பிள்ளைகள் படுக்கும் கட்டிலில் ஒரு பக்கம் அவர்களும் மறுபக்கம் வாளியுமாகத்தான் இரவு போகிறது, இனியும் தாங்காது. வங்கி வாசலில் காவலுக்கு நின்றவன் என்னைக் கண்டதும் சல்யூட் அடித்தான். அவன் வெயிலுக்குக் கண்ணை மறைத்தான் என்று ஜீவராணி சொல்லுவாள், நம்பாதே. உள்ளே கடன் பிரிவில் இருந்தது ஊர்மிளா என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மரியாதை தெரிந்த பிள்ளை. வீட்டுச் செலவெல்லாம் எப்படி என்று கேட்டாள். வெளியாள் முன்னால் நம் குடும்பத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வருமா. பிள்ளைகளைப் பார்க்கத் துரை பங்களாவில் இருப்பது போலத் தனியாக ஆயா வைத்திருக்கிறோம் என்றேன். சமையலெல்லாம் கேஸில்தான், விறகு தொட்டு வருசமாகிறது என்றேன். ஜீவராணி தலவாக்கலை பாமசிக்கு வேலைக்குப் போய்வருவது ஆட்டோவில், பஸ் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன். மீன் லொறி முதலில் நிற்பதே நம் வாசலில் என்றேன். நான் சொல்லச் சொல்ல அவள் கம்ப்யூட்டரில் டக் டக் என்று அடித்துக்கொண்டே போனாள், நம் பெருமை இப்படி வரிசையாக ஏறுகிறதே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மேசைக்குக் கீழே ஜீவராணி என் காலை மிதித்ததை நான் இட நெருக்கடி என்றுதான் நினைத்தேன்.

கடைசியில் அந்தப் பிள்ளை நிமிர்ந்து, "ஐயா, நீங்கள் சொல்லுற செலவப் பாத்தா நான்தான் உங்களிட்டக் கடன் கேக்கோணும் போல கிடக்கு. பிள்ளையளப் பாக்கிற ஆளுக்குக் குடுக்கிற காசோட இவ்வளவும் போனா மாசாமாசம் கடன் கட்ட என்ன மிஞ்சும்? இந்தக் கணக்கோட நான் மேல அனுப்பேலாது" என்றாள். நான் எழுந்து கிளம்பப் பார்த்தேன் மகன். ஆனால் உன் பெண்சாதி இருக்கிறாளே, அவள் அசையவில்லை. "மேடம், கேஸ் அடுப்பு எங்க வீட்டுல காலண்டர் படத்துலதான் இருக்கு. ஆட்டோவுல நான் ஏறினது ரெண்டு பிரசவத்துக்கும்தான். மீன் லொறி எங்க வாசல்ல நிக்கிறது அங்கதான் அது திரும்ப எடம் இருக்குங்கிறதால" என்றாள். ஆயா விசயத்துக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தாள். தான் தோட்டத்தில் பேர் போட்டு வேலை செய்யாததால் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்க்கிற பிள்ளைக்காம்பராவில் தன் பிள்ளைகளை எடுக்க மாட்டார்கள், பக்கத்து வீட்டு ராசம்மா அக்காவிடம்தான் சம்பளம் கொடுத்து விட்டிருப்பதாக உள்ளதைச் சொன்னாள். அப்புறம் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அந்தக் காசு இனி போகாது மேடம். நாளையிலருந்து ஆயா இவருதான். சம்பளம் கெடையாது, சோறும் பிளேன்டீயும் போதும்" என்று முடித்துவிட்டாள். "உண்மையோ ஐயா?" என்று ஊர்மிளா கேட்டாள். வீடு என்று வந்துவிட்டால் கந்தப்பன் பின்வாங்குவானா, ஆமாங்க என்றேன். அடுத்த கிழமை காணியைப் பார்க்க வரும்போது பிள்ளைகளையும் வந்து பார்ப்பதாகச் சொன்னாள்.

பஸ்ஸில் ஜீவராணி, "சொன்னத நெசமாக்கிடுங்க மாமா, இல்லாட்டி நானே போயி இல்லேன்னு சொல்லிப்புடுவேன்" என்றாள். ராசம்மாவுக்குப் பிழைப்புப் போகிறதே என்று கவலைப்படாதே, பாமசிப் பெண்களின் தையல் எல்லாவற்றையும் ஜீவராணி அவளுக்குப் பிடித்துக் கொடுத்துவிட்டாள். ராசம்மா தையல் மெசினை நம் வாசலுக்கு நேராகப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க என்னைத்தான் பார்க்கிறாள். "அண்ணே, ரெண்டு நாளு பாருங்க, மூணா நாளு நானே வந்து புள்ளைகளையும் ஒங்களையும் சேத்துப் பாத்துக்கிறேன்" என்றாள். அவள் வாயை அடைத்துவிட்டேன். பால் காய்ச்சுவது, துணி மாற்றுவது எல்லாம் இந்த லிந்துலையில் என்னளவுக்குத் தெரிந்த ஆண்பிள்ளை கிடையாது. உன் மகன் திலக்ஷன்தான் கொஞ்சம் பொல்லாதவன். றொசல்ல ரயில் பாதையில் நான் சிறுத்தையைத் துரத்திய கதையைச் சொன்னால், "நேத்து ஒண்ணுன்னீங்க தாத்தா, இன்னைக்கு எப்படி மூணாச்சு" என்கிறான், தாயைப் போலவே வருவான். சின்னவளுக்குப் பல் முளைக்கிறது. என் தோளைத் தவிர வேறெங்கும் தூங்க மாட்டாள், ஆனால் நான் பேசினால் எழுந்துவிடுகிறாள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நான் குரல் கொடுத்தால் பொகவந்தலாவையில் திரும்பிப் பார்ப்பார்கள், அந்தக் குரல் குழந்தைக்குத் தாங்குமா.

ஊர்மிளா வந்த அன்று நல்ல மழை. வெள்ளைச் சட்டை போட்டு, நம் குடும்ப வரலாற்றையே ஒரு பேச்சாகத் தயார் செய்து வைத்திருந்தேன். விடிந்ததிலிருந்து கத்திய சின்னவள் அப்போதுதான் என் தோளில் கண் அசந்தாள், சட்டையெல்லாம் எச்சில். வாய் திறக்கப் போனேன், ஜீவராணி உதட்டில் விரலை வைத்தாள். திலக்ஷன் ஊர்மிளாவிடம், "தாத்தா பேசினா தங்கச்சி எந்திரிச்சிரும்" என்று காதோடு சொன்னான். அவள் கூரையைப் பார்த்தாள், கட்டிலில் வாளியைப் பார்த்தாள், ஈரம் படாத மூலையில் மடித்து வைத்திருந்த பிள்ளைத்துணியைப் பார்த்தாள். மெதுவான குரலில் என்னென்னவோ கேட்டாள், நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் வாய் மூடி இருந்தது கிடையாது, ராசம்மா மெசினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

மகன், கடன் சரி. முந்தாநாள் ஜீவராணிக்குப் போன் வந்தது, அவள் அழுதாள், நான் அழவில்லை, அடுப்புப் புகை. அதற்குப் பிறகுதான் அன்றைக்கு நான் எதற்கெல்லாம் தலையாட்டினேன் என்று சொன்னாள். சின்னவள் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் பிள்ளைகளை நீங்கள்தான் பார்ப்பீர்களா என்று ஊர்மிளா கேட்டாளாம். அதை நம்பித்தான் கணக்கிலிருந்து அந்தச் செலவை எடுத்திருக்கிறார்கள். வாய் திறந்து பேச விட்டிருந்தால் வருசத்தையாவது குறைத்திருப்பேன்.

உன் சம்பளக் கடிதத்தைத் தாமதிக்காமல் அனுப்பு, அது வந்தால்தான் காசு விடுவார்கள். புது வீட்டில் தூளி கட்டக் கூரையில் நல்ல வளைமரம் ஒன்று போடச் சொல், என் தோளும் ஒரு வயதுக்கு மேல் தாங்காது. நீ நோய்நொடி இல்லாமல் உழைத்து, சொந்தக் கூரையின் கீழ் உன் பிள்ளைகளோடு படுத்துறங்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். இன்னும் எழுத நிறைய உண்டு, சின்னவள் அசைகிறாள்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா கந்தப்பன்,
வங்கி ஒத்துக்கொண்ட ஆயா.