தண்ணீரில் நீ அடித்த ரெண்டு அடி

வாயில் இறால் பறியோடு ஏரியில் திரிந்த என் அம்மாவுக்கு,

இன்று காலைதான் பழவேற்காடு வந்து சேர்ந்தோம். ஏரி கண்ணில் பட்டதும் பஸ்ஸுக்குள்ளேயே வள்ளி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள் பார், கிழியாததுதான் மிச்சம். உன் பேத்திக்கு எல்லாம் நினைவிருக்கிறது. உன்னோடு அதுவும் போய்விட்டதோ என்று நான் பட்ட பாடு உனக்கு எங்கே தெரியும்?

உன் மருமகனுக்கு வேலை கிடைத்துவிட்டது, அதை முதலில் சொல்ல வேண்டும். காட்டுப்பள்ளி துறைமுகத்தில் ஒப்பந்த வேலைக்கு அலைந்த மனுஷன், இப்போது ஆப்பிரிக்காவில் புருண்டி என்ற நாட்டில் ஐஸ் பேக்டரி மெக்கானிக். எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கேயும் ஏரிக்கரைதான். நெத்திலி மாதிரிச் சின்ன மீனை மணலில் காயப் போடுகிறார்கள். ஆனால் முதலையும் நீர்யானையும் இருப்பதால் வள்ளியைத் தண்ணீர்ப் பக்கமே நான் விடவில்லை.

பிறந்ததிலிருந்தே காது கேட்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினேன். காதில் மாட்டிய மிஷினைப் பிடுங்கிப் போட்டாள். நீயோ அவளை இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்தி, முதுகுக்குப் பின்னால் போய் உள்ளங்கையால் தண்ணீரை ரெண்டு அடி அடித்தாய். அவள் திரும்பினாள்.

பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு சேற்றில் இறால் தடவும் உங்கள் கூட்டத்துப் பெண்களால் வாய் திறந்து பேச முடியாது. அதனால் ரெண்டு அடி அடித்தால் ‘நான் இங்கே இருக்கிறேன்’. பதிலுக்கு ஓர் அடி அடித்தால் ‘தெரிகிறது’. ஏரிக்குள் உங்கள் பேச்சு அதுதான். அதை நீ அவளுக்குக் கொடுத்தாய்.

“வாயில பறி இருந்தா நான் ஊமை, அது செவிடு. எங்க ரெண்டு பேருக்கும் சரியாப் பூடுச்சி. உனுக்கு இன்னாடி? போய் உன் வேலையப் பாரு” என்று என்னை விரட்டினாய். எனக்குக் கோபம்கூட வந்தது, போ.

நீ கண் மூடிய பிறகு நானும் தண்ணீரில் இறங்கி அடித்துப் பார்த்தேன். சட்டென்று திரும்பினாள். அடித்தது நான்தான் என்று தெரிந்ததும் கரையேறிவிட்டாள். அதற்குப் பிறகு யார் கூப்பிட்டும் அவள் முகம் நிமிரவில்லை. புருண்டியிலும் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாள். இனி இந்தப் பிள்ளையோடு நான் எப்படித்தான் பேசப்போகிறேன் என்று தவித்துப்போனேன் அம்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் மருமகன், “வாம்மே, ராஜா காலத்து மேளம் அடிக்கிற மலை ஒண்ணு கீதாம், பாத்துட்டு வருவோம்” என்றார். காது கேட்காத பிள்ளைக்கு மேளமா என்று நான் எரிந்து விழுந்தேன். ஆனாலும் போனோம்.

மலைமேல் கூம்பு வடிவில் புல் வேய்ந்த அரண்மனை வீடு. மேளத்துக்கும் ராஜ்யத்துக்கும் அவர்கள் மொழியில் ஒரே பெயராம். மரத்தைக் குடைந்து செய்த மேளத்தின் பாகங்களை ஒருவர் காட்டிக்காட்டிச் சொல்ல, உன் மருமகன் தனக்குப் புரிந்ததைத் தமிழில் சொன்னார். இது வயிறு, இது முலை, இது தொப்புள். மேலே கட்டிய தோல், தாய் பிள்ளையை முதுகில் கட்டிக்கொள்ளும் தோல். ஆனால் பெண்கள் மேளத்தை அடிக்கக் கூடாதாம். நீ இருந்திருந்தால், “இன்னாய்யா நாயம் இது?” என்று அங்கேயே கேட்டிருப்பாய்.

அத்தனை பெரிய மேளங்களைத் தலையில் சுமந்து, அடித்துக்கொண்டே ஆண்கள் வரிசையாக வந்தார்கள். இறக்கி வைத்து எல்லோரும் சேர்ந்து அடித்தபோது என் வயிற்றுக்குள் அதிர்ந்தது. வள்ளி என் கையை உதறினாள். மண்ணில் குப்புறப் படுத்து, ரெண்டு உள்ளங்கையையும் கன்னத்தையும் தரையில் வைத்துக்கொண்டாள். தூக்கப் போன என்னை உன் மருமகன், “உடு, பாப்பா கேக்குது” என்று தடுத்தார்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் கை தட்டினார்கள். வள்ளி எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்தாள். பிறகு தரையில் ரெண்டு அடி அடித்தாள்.

மேளத்தைத்தானே பெண் அடிக்கக் கூடாது, மண்ணுக்கு யார் தடை போட்டது? நானும் புடவையோடு அப்படியே உட்கார்ந்து ஓர் அடி அடித்தேன். அவள் எழுந்து போகவில்லை அம்மா. என் மடியில் வந்து ஏறினாள். அங்கேயே ஓவென்று அழுதேன். மேளக்காரர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. அவர்களுக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். எனக்கு அது உனக்குப் போட்ட கும்பிடுதான்.

நீ கற்றுக்கொடுத்த பேச்சு இல்லையென்றால் என் பிள்ளை என்னை எதைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பாள்?

நாளைக் காலை தண்ணீர் வற்றும் நேரத்தில் உன் பறியை எடுத்துக்கொண்டு அவளோடு ஏரியில் இறங்கப் போகிறேன். எனக்கு இறால் அகப்படாது, சிரிக்காதே. ரெண்டு அடி கேட்டால் அது வள்ளி. பதறி எழுந்து வராதே, நீ படுத்திரு. நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அவள் எத்தனை தடவை அடித்தாலும் சொல்வேன்.

இப்படிக்கு,
ஓர் அடி அடிக்க இப்போதுதான் கற்றுக்கொண்ட உன் மகள்,
வள்ளியின் அம்மா