ப்ரூனோ பந்தைக் கேட்ட நாள்

இன்று காலை படியிறங்கும்போது கீழ்வீட்டிலிருந்து ஈரல் வேகும் வாசனை வந்தது. அவர்கள் புதிதாக நாய்க்குட்டி வாங்கியிருக்கிறார்கள். உப்பில்லாமல், மஞ்சள்தூள் மட்டும் போட்டு வேகவைக்கும் அந்த வாசனை எனக்கு மறக்குமா? கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். நீங்கள் போய் நான்கு வருடம் ஆகிறது.

நமக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம் இருக்கும். பெங்களூர் நீலசந்திராவில் ஒற்றை அறை வீடு. எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனிகளுக்கு மோப்ப நாய்கள் அனுப்பும் இடத்தில் நீங்கள் பயிற்சியாளர். ஒரு சாயங்காலம் பத்து மாத லேப்ரடார் ஒன்றைக் கயிற்றில் பிடித்தபடி வாசலில் நின்றீர்கள். நான் பயந்து கட்டில்மேல் ஏறிக்கொண்டேன்.

“பேரு ப்ரூனோ. பதினஞ்சு நாள்தான் டைம். டெஸ்ட்ல தேறலைன்னா எங்கயாவது குடோன் வாசல்ல சங்கிலி போட்டுக் கட்டிடுவாங்க. ஆயுசுக்கும் அங்கதான்.”

அவனுக்கு மூக்கு நன்றாக இருந்தது. தேடிக் கண்டுபிடித்தால் பரிசாகப் பந்து கொடுப்பதுதான் அங்கே வழக்கம். அவனோ பந்தைத் திரும்பியும் பார்க்கமாட்டான். ஒரு துண்டு ஈரலுக்கு என்ன வேண்டுமானாலும் செய்வான். “வயித்துக்காக வேலை செய்யறவன், எவனோ டிபன் பாக்ஸைத் திறந்தா வேலையை மறந்துடுவான்” என்று கவலைப்பட்டீர்கள்.

பந்தைப் பழைய சாக்ஸில் போட்டு முடிந்து, கயிறு கட்டித் தரையில் இழுத்தீர்கள். அவன் ஈரல் துண்டு இருந்த உங்கள் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான்கு நாள் அப்படியே போயிற்று. அதற்குள் எனக்குப் பயம் போய், உங்களுக்குத் தெரியாமல் அவனுக்குச் சப்பாத்தி கிள்ளிப் போட ஆரம்பித்திருந்தேன். ஐந்தாம் நாள் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

“நீ போடற சப்பாத்தியில அவன் வாழ்க்கையே போயிடும்!”

என் முகம் வாடியதைப் பார்த்ததும் உங்கள் குரல் இறங்கிவிட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி, வெளியே வா. நாம ரெண்டு பேரும் விளையாடுவோம். அவனுக்குத் தரவேண்டாம். பாத்துட்டு நிக்கட்டும்” என்றீர்கள்.

“தெருவுலயாங்க? எல்லாரும் பாப்பாங்க.”

“பாக்கட்டுமே.”

வயசுக்கு வந்தபின் நான் ஓடியதே இல்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அன்று ஓடினேன். நீங்கள் சாக்ஸ் பந்தை எறிய, நான் பிடிக்க, நான் எறிந்தது சாக்கடை ஓரம் விழ, நீங்கள் பாய்ந்து எடுக்க, நமக்கே சிரிப்பு அடங்கவில்லை. மாடிவீட்டு ஜெயம்மா எட்டிப் பார்த்து, “ஆட்டா நாயிகோ, நிமகோ?” என்று கன்னடத்தில் கேட்டார். விளையாட்டு நாய்க்கா, உங்களுக்கா? அவர் கேட்டது சரிதான்.

முதல் நாள் ப்ரூனோ தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தான். இரண்டாம் நாள் பொறுக்காமல் குரைத்தான். மூன்றாம் நாள் என் கையிலிருந்ததை எகிறிக் கவ்விக்கொண்டான்.

“விடு, விடு! அவன் ஜெயிக்கட்டும்!” என்று கத்தினீர்கள். விட்டேன். அவன் ஒரு சுற்று ஓடிவிட்டு, திரும்பி வந்து பந்தை என் காலில் இடித்தான். இழு என்கிறான்! இரண்டு நிமிடம் இழுத்து விளையாடியதும் நீங்கள் வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டீர்கள். “ஆசை இருக்கும்போதே நிறுத்தணும். அப்பதான் நாளைக்கும் கேப்பான்.” சாப்பாடு அதற்கப்புறம்தான்.

டெஸ்ட் நடந்ததை நீங்கள் நடித்துக் காட்டித்தான் பார்த்தேன். வரிசையாகப் பத்துப் பைகள். நான்காவது பையில் வேண்டுமென்றே ஆம்லெட் வைத்திருந்தார்கள். ப்ரூனோ அங்கே நின்றுவிட்டான். எச்சில் ஒழுகியது. “எனக்கு மூச்சே வரல” என்றீர்கள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு நகர்ந்து, தேடவேண்டிய பொருள் ஒளித்திருந்த ஏழாவது பையின்முன் உட்கார்ந்து, உங்கள் கையைப் பார்த்தானாம். சட்டைப்பையை அல்ல, பந்து இருந்த கையை.

ஏழு வருடம் கௌரவமாக வேலை பார்த்தான்.

நீங்கள் போனபின் நான் வாய்விட்டுச் சிரித்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று வெகுநாள் அடங்கியே இருந்தேன். போன வாரம் நம் குடியிருப்பில் பெண்களுக்கான த்ரோபாலுக்குப் பெயர் கொடுத்தேன். “அம்மா, நீயா?” என்றாள் நம் மகள். “நான்தான். உங்கப்பாவோட தெருவுல ஓடினவ” என்றேன்.

நேற்று முதல் ஆட்டம். வந்த முதல் பந்தே நெற்றியில் பட்டு, பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். பதறி ஓடி வந்தார்கள். நான் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தேன்.